சிட்டுவின் தொடை எலும்பு

மார்ச் 4

நாத்தனாருக்கு,

உன் அண்ணன் நலம். பாப்பா நலம். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதுகிறேன்.

போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதே, எடுக்க மாட்டேன். நாம் இரண்டு பேரும் போனில் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒருத்தியும் கேட்பதில்லை. "லெட்டர் எழுதிக்கோங்க. ஒருத்தி முடிச்சப்புறமாவது இன்னொருத்தி ஆரம்பிப்பீங்க" என்றார் உன் அண்ணன். பல் டாக்டர், நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைக்கிறவர், நம் வாயை மூட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். ஈமெயில் என்றால் கோபத்தில் பட்டென்று தட்டிவிடுவேன். தபால் பெட்டி வரை நடந்தால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்துத்தான் கையால் எழுதுகிறேன்.

மாநாட்டுக்கு முந்தின நாள் என் வீட்டில் தங்கினாய். என் தலையணையில் தூங்கினாய். காலையில் என் குடையை எடுத்துக்கொண்டு என்னோடுதான் அங்கே வந்தாய். நான் மேடையில் என் புதைபடிவம் சிட்டுவைப் பற்றிப் பேசி முடித்ததும், கூடம் நிறைய ஆட்கள் இருக்க, கையைத் தூக்கி எழுந்து என்ன கேட்டாய்? "இது வளர்ந்த விலங்குதானா, இல்ல குஞ்சா? எலும்பை அறுத்துப் பார்த்தீங்களா?" பார்த்தீங்களாவாம்! கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என் டிபன் பாக்ஸைக் காலி செய்து, உன் அண்ணனையே எனக்குக் கட்டிவைத்தவளுக்கு அன்றைக்கு மட்டும் மரியாதை பொங்கிவிட்டது.

குஞ்சு என்றால் யாருடைய குஞ்சு என்று அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாறை அடுக்கில் காலில் அரிவாள் நகம் வைத்த பறவைச் சாயல் டைனோசர் கிடைத்தது இரண்டே இரண்டு. கோழி அளவில் என் சிட்டு, இடுப்பு உயரத்துக்கு உன் ராணி. இரண்டும் தனித்தனி இனம், ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம், அவ்வளவுதான் என்று நான் பிறகொரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒன்றே என்று ஆகிவிட்டால் விதி என்ன சொல்கிறது? ஒரு விலங்குக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் அச்சில் வந்த பெயர் நிற்கும், மற்றது செத்த பெயர்களின் பட்டியலுக்குப் போகும். உன் கட்டுரை வந்த ஆண்டு மலரின் அட்டையைப் பார். என்னுடையதற்கு முந்தின வருடம் போட்டிருக்கிறது. அறிவியல் பெயரைத் தமிழில் சொன்னால் உன்னுடையது 'அரிவாள் ராணி', மூத்தவள். என்னுடையது 'சின்னஞ்சிறு வேட்டைக்காரி', காணாமல் போகிறவள்.

நீ ஐந்து விலங்குக்குப் பெயர் வைத்துவிட்டாய். நான் இந்த உலகத்தில் பெயர் வைத்தது இரண்டு பேருக்கு. ஒருத்தி பாப்பா. இன்னொன்றைத்தான் நீ விழுங்கப் பார்க்கிறாய்.

செப்டம்பரில் எங்கள் மியூசியத்தில் புதுக்கூடம் திறக்கிறார்கள். நுழைந்ததும் முதல் கண்ணாடிப் பெட்டி சிட்டுவுக்கு. அழைப்பிதழில் அதன் படம்தான். நான் எதையும் அறுக்கப் போவதில்லை.

உன் அண்ணி
(தோழி என்று எழுத இப்போது கை வரவில்லை)

மார்ச் 15

அடியே,

நாத்தனாருக்கு என்று ஆரம்பித்திருக்கிறாய். கவரைப் பிரித்ததும் ஏதோ கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை விட்டுவிட்ட தகராறு என்று நினைத்தேன்.

வீட்டிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் வீட்டில் எனக்குத் தெரியாதே! உன் கட்டுரையில் அந்த முதுகெலும்பின் படம் தபால்தலை அளவுக்கு இருக்கிறது. மாநாட்டுத் திரையில் அதுவே வாசல் கதவு அளவுக்கு விரிந்தது. அப்போதுதான் பார்த்தேன், மேல் வளைவுக்கும் கீழ் உருளைக்கும் நடுவில் ஒரு கோடு. விரிசல் என்று நீ தாண்டிப் போனாய். எனக்கு அது விரிசலாகத் தெரியவில்லை. இன்னும் ஒட்டிச் சேராத எலும்பு மாதிரி இருந்தது. குட்டிகளுக்குத்தானே அப்படி இருக்கும்? வளர்ந்தால் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் நீ காட்டிய படம் எல்லாவற்றையும் நான் வேறு கண்ணால் பார்த்தேன். கண் குழி இவ்வளவு பெரிது, மூக்கு இவ்வளவு குட்டை. பாப்பா பிறந்தபோது முகத்தில் பாதி கண்ணாக இருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா?

உன்னை அவமானப்படுத்த எழுந்தேன் என்று நினைத்தால், என்னை உனக்குத் தெரியாது என்றுதான் அர்த்தம். எனக்கு ஒரு கேள்வி வந்தால் தும்மல் வந்த மாதிரி. சபை பார்த்து அடக்கத் தெரியாது. நீ வேண்டுமானால் நாலு அறை அறை.

நான் கேட்பது பெரிய துண்டு இல்லை. தொடை எலும்பின் நடுவில் ஒரு மோதிரம் அளவு. அதை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்த்தால் போதும். மரத்தில் வருட வளையம் தெரிகிற மாதிரி இதிலும் தெரியும். வளர்ந்து நின்ற விலங்கு என்றால் ஓரத்தில் வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். என் ராணியை அறுத்துப் பார்த்தேன், அப்படித்தான் நிற்கின்றன. சிட்டுவிலும் அப்படி இருந்தால் நான் எல்லார் முன்னாலும் எழுந்து, 'நான் ஒரு மண்டு' என்று சொல்கிறேன்.

என் ஆய்வகத்துக்கு மேல்மாடியில் இசை வகுப்பு, உனக்குத்தான் தெரியுமே. மிருதங்கம் வாசித்தால் மைக்ராஸ்கோப் ஆடும். இதை எழுதும்போதும் ஆடுகிறது, என் கையெழுத்தைப் பழிக்காதே.

உன் தோழி
(எனக்குக் கை நன்றாகவே வருகிறது)

ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

மோதிரம் அளவாம். இருப்பது ஒரே ஒரு முழுத் தொடை எலும்பு. இன்னொன்று பாதிதான், அதுவும் நசுங்கியது. இந்த விலங்கின் பெயரே இந்த எலும்புக்கூட்டின் மேல்தான் நிற்கிறது. இதை வைத்துத்தான் உலகத்தில் யாரும் 'இது சிட்டுவா' என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதைக் கல்லிலிருந்து எடுக்க இரண்டு குளிர்காலம் ஊசியும் கையுமாக உட்கார்ந்தவள் நான். நடுவில் கழுத்து வலி வந்து பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீ வந்து ரம்பத்தை வை என்கிறாய்.

முதுகெலும்புக் கோடு விரிசல்தான். பாறை அழுத்தியதில் வந்தது. கண் பெரிதாக இருந்தால் குஞ்சா? ஆந்தை என்ன, வயசாகி ரிட்டயர் ஆனாலும் கண் பெரிதாகத்தானே இருக்கிறது?

பல்லுக்குப் பதில் சொல். உன் ராணியின் பல் ஓரத்தில் ரம்பம் மாதிரி கொக்கி கொக்கியாக இருக்கிறது. சிட்டுவின் பல் ஓரம் வழவழவென்று இருக்கிறது. ஒரே இனம் என்றால் ஒரே பல் இருக்க வேண்டாமா? இதைச் சாப்பாட்டு மேஜையில் உன் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பால் பல்லும் அப்புறம் முளைக்கிற பல்லும் ஒரே மாதிரியா இருக்கு?" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் மனுஷப் பல்லைச் சொன்னேன்" என்றார். "நீங்க எதையும் சொல்ல வேணாம்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து, இன்று வரை இடித்த புளி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். உங்கள் வீட்டு ஆட்கள் எல்லாருக்குமே நேரம் காலம் தெரியாது.

எனக்கு இந்த வாரம் ஒரு வேலையும் ஓடவில்லை. அதற்கு நீதான் காரணம்.

அண்ணி

ஏப்ரல் 14

அண்ணியே, தோழியே, கோபக்காரியே,

அண்ணனுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடு. நான் ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த இடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார்! இந்த மாதிரி விலங்குகளுக்குப் பால் பல் என்று தனியாகக் கிடையாது, விழ விழ முளைக்கும், அது எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும். ஆனால் சின்ன வயதில் முளைப்பது ஒரு மாதிரியும் வளர்ந்தபின் முளைப்பது வேறு மாதிரியும் இருக்க முடியாதா? யாருமே கேட்கவில்லை. ஏனென்றால் இந்த டைனோசர் குடும்பத்தில் ஒரு குஞ்சும் சரியாகக் கிடைத்ததில்லை. கிடைத்த சின்னதற்கெல்லாம் நாம் புதுப் பெயர் வைத்துவிட்டோமோ?

யோசித்துப் பார்டி. குட்டையாக, பெரிய கண்ணோடு, வழவழப்பான பல்லோடு ஒரு குஞ்சு. அது மாமிசத்தைக் கிழிக்கவே கிழிக்காது. தும்பியையும் பல்லியையும் பிடித்து அப்படியே விழுங்கும். வளர வளர மூக்கு நீளும், பல்லில் ரம்பம் வரும், அப்புறம்தான் பெரிய வேட்டை. தாய் ஒன்றைத் தின்னும், குஞ்சு வேறொன்றைத் தின்னும், ஒரே காட்டில் இரண்டும் சண்டையில்லாமல் பிழைக்கும். எனக்கு இரண்டு நாளாக இதே நினைப்பு. கடையில் மீதிச் சில்லறை வாங்காமல் வந்துவிட்டேன், கடைக்காரர் பின்னால் ஓடி வந்தார்.

நீ சொல்வதும் சரியாக இருக்கலாம். சின்ன இனமாகவே வளர்ந்து, சின்னதாகவே வாழ்ந்திருக்கலாம். அப்படி இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. உனக்குத் தாங்குகிறதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்.

தோழி

மே 20

நாத்தனாருக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை என்று உன் அண்ணனிடம் துப்பு விசாரித்தாயாம். "அவ ஏதோ கோழி வாங்கிட்டிருக்கா" என்று அவர் சொன்னாராம். உண்மைதான், சொல்கிறேன்.

உன்னை ஒரேயடியாக மடக்க வேண்டும் என்று ஒரு நாள் சிட்டுவின் தொடை எலும்பைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இரண்டு முனைகளும் சொரசொரவென்று இருக்கும். பிய்த்த ரொட்டி மாதிரி குட்டிக் குட்டி ஓட்டைகள். ஆற்றுத் தண்ணீரில் உருண்டு தேய்ந்தது என்று என் கட்டுரையில் ஒரு வரி எழுதி முடித்திருந்தேன். விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. முனை மட்டும் எப்படித் தேயும்? நடுத்தண்டு கண்ணாடி மாதிரி இருக்கிறதே?

கறிக்கடைக்குப் போனேன். "ஒரு இளசு, ஒரு கிழடு, ரெண்டோட காலையும் உடைக்காம குடுங்க" என்றேன். "எதும்மா குழம்புக்கு?" என்றார். "ரெண்டும் இல்லை, முனையைப் பாக்கணும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் நாலு தடவை போய்விட்டேன். இப்போது என்னைப் பார்த்ததுமே, "இளசா கிழடா?" என்கிறார். வேகவைத்துச் சதையை எடுத்து, காயவைத்து, வரிசையாக ஜன்னலில் அடுக்கியிருக்கிறேன். வீடு முழுக்க நாற்றம். கிழட்டுக் கோழியின் முனை மெழுகு பூசினது போல மழமழவென்று இருக்கிறது. இளசின் முனை பிய்த்த ரொட்டி.

இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் எரிச்சல். என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன், அதில் என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது? ஆனாலும் அடுப்படியில் நின்று சிரித்தேன்.

கோழியை வைத்து முடிவு கட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். அறுத்தால்தான் தெரியும். மியூசிய இயக்குநரிடம் போய்க் கேட்டேன். மென்று விழுங்கினார். "திறப்பு விழா முடியட்டுமேம்மா. அது வரைக்கும் அது சின்ன விலங்காவே இருந்துட்டுப் போகட்டும். யார் கேக்கப் போறாங்க?" என்றார். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொன்னார். "நான் கேட்டுட்டேன் சார்" என்றேன். பெயர்ப்பலகை வாசகத்தை நான்தான் எழுத வேண்டும். சந்தேகத்தை வைத்துக்கொண்டு அதில் என்ன எழுதுவேன்? ஒரு வாரம் அலைந்து குழுவின் ஒப்புதலை வாங்கினேன்.

முழு எலும்புக்கும் ஸ்கேன் எடுத்து, அச்சு வார்த்து, அளவு எடுத்து வைத்துவிட்டேன். உன் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், கூரியரை நம்ப மாட்டேன். நடுவில்தான் அறுக்க வேண்டும், நான் பென்சிலில் கோடு போட்டிருக்கிறேன். கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை போனாலும் பார்த்துக்கொள்.

உனக்காக இல்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீ வைத்த பெயர் நிற்கிறது, நான் வைத்த பெயர் போகிறது என்று ஆனால், அதைச் சுற்றி வளைக்காமல் சொல். எனக்கு ஆறுதல் வேண்டாம்.

அண்ணி

ஜூன் 11

என் செல்லமே,

அண்ணன் ரயிலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்தபடியே வந்திருக்கிறார். பக்கத்து சீட் அம்மா, "என்ன தம்பி, குழந்தையோட துணிமணியா?" என்று கேட்டாராம். "குழந்தையேதான்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். இறங்கினதும் முதல் வேலையாகக் கழிவறைக்கு ஓடினார். வழியெல்லாம் எழுந்திருக்கவே இல்லையாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லச் சொன்னாய்.

குஞ்சுதான்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், நீ கேட்பாய். ரம்பத்தை வைக்கும்போது மேல்மாடி வாத்தியாரிடம் போய், "இன்னைக்கு ஒரு மணி நேரம் வாசிக்காதீங்க, என் உசுரு போற வேலை" என்றேன். மனுஷன் மிருதங்கத்தை மூடிவைத்துவிட்டு அவரே இறங்கி வந்து வாசலில் நின்றார். உன் கோட்டின் மேலேயே அறுத்தேன். கோடு பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் இருக்கிறது, அண்ணன் சாட்சி. தேய்த்துத் தேய்த்துத் தகடு தேநீர் நிறத்துக்கு வந்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

ஒரு வளையம்கூட இல்லை. ஓரம் வரைக்கும் இரத்தக் குழாய் ஓடின ஓட்டைகள்தான், சல்லடை மாதிரி. அவசர அவசரமாக வளர்ந்துகொண்டிருந்த எலும்பு. முட்டையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட முழுதாக வாழவில்லை.

யாருடைய குஞ்சு என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை, உனக்கும் இருக்காது. கன்ன எலும்பின் ஓரத்தில் இரட்டைத் துளை. இந்த இரண்டு விலங்கைத் தவிர உலகத்தில் வேறெதிலும் இல்லை என்று நீயேதான் எழுதினாய். அதே பாறை, அதே அடுக்கு. நீ நெருங்கிய சொந்தம் என்றாய். சொந்தம்தான், தாயும் பிள்ளையும் மாதிரி.

சரியாகச் சொன்னேன் என்று எனக்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லைடி. அந்தச் சின்ன எலும்பைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என் தோளைத் தட்டி, "அவகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம், நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். மிச்சம் இரண்டு துண்டையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். இதைச் சேர்ந்து எழுதுவோமா? உன் பெயர் முதலில்.

தோழி

ஜூன் 24

தோழிக்கு,

தோழி என்று எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை மியூசியத்தில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டுக் கீழே என் வேலையறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பக்கத்து அறைக்காரர்கள் கல் கழுவுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பெற்ற பிள்ளையை இன்னொரு வீட்டுப் பிள்ளை என்று சொல்கிற மாதிரி இருந்தது. அசட்டுத்தனம்தான். செத்துப் பல கோடி வருடம் ஆன விலங்கு, அதற்கு நான் என்ன பெயர் வைத்தால் என்ன?

ஆனால் அழுது முடித்து முகம் கழுவின கையோடு சிட்டுவின் தாடையை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கக் கடைசிப் பல் ஒன்று முளைக்கும்போதே பாதியில் நின்றுபோயிருக்கிறது. பதினோரு வருடமாகப் பார்க்கிற பல். அதன் அடி ஓரத்தில் மூன்று மேடு! ரம்பம் ஆரம்பிக்கிறது! உடைசல் என்று நினைத்திருந்தேன். ஓடிப்போய் இயக்குநரை இழுத்துவந்து காட்டினேன். "என்னம்மா, காலையில அழுதீங்கன்னாங்க?" என்றார். "அது வேற சார், இதைப் பாருங்க" என்றேன். உன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நோயாளியின் வாயில் கையை வைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அந்த நோயாளி பாவம்.

நாம் சேர்ந்து எழுதுவோம். பல்லைப் பற்றி நான் எழுதுகிறேன், எலும்பைப் பற்றி நீ. பெயர் பற்றிய பகுதியை நானே எழுதிவிட்டேன், உன்னை எழுத வைத்தால் தயங்கித் தயங்கிக் கெடுத்துவிடுவாய். 'சின்னஞ்சிறு வேட்டைக்காரி என்ற பெயர் இத்துடன் விலக்கப்படுகிறது, ஒரு வருடம் முன்னால் வெளிவந்த அரிவாள் ராணி என்பதே நிற்கும்.' இரண்டு வரிதான், ஆனால் ஒரு சாயங்காலம் பிடித்தது. வைத்துக்கொள், திருத்தாதே.

புதுக்கூடத்துப் பெட்டியில் பலகையை மாற்றுகிறோம். 'ராணியின் குஞ்சு' என்று போடச் சொல்லியிருக்கிறேன். அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, அதில் பழைய பெயர்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச்சில் நீ என் பெயரை விழுங்கப் பார்ப்பதாக எழுதினேன். அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

தோழி

ஜூலை 6

அடியே அவசரக்குடுக்கை,

பலகை எழுதுகிறவரை நிறுத்து. இன்றைக்கே நிறுத்து.

நீ எழுதின இரண்டு வரியையும் அடித்துவிட்டேன். தப்பு. பெயர் நிற்கப்போவது உன்னுடையது.

அட்டையில் போட்டிருக்கிற வருடத்தை விதி பார்ப்பதில்லை. புத்தகம் உண்மையில் எப்போது வெளியே வந்ததோ அதைத்தான் பார்க்கிறது. என் கட்டுரை வந்த ஆண்டு மலர் அச்சகத்தில் முடங்கிக் கிடந்தது. மெஷின் ரிப்பேர், காகிதம் வரவில்லை, மேஸ்திரிக்குக் கல்யாணம். நான் நடையாய் நடந்தேன். உனக்கு எங்கே தெரியப் போகிறது, நீ அப்போது நிறைமாதம். உன் கட்டுரை வந்தபோது பாப்பா உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தாள். என் மலர் கட்டுப் பிரித்து வெளியே வந்த அன்றைக்கு அவள் பிறந்து மூன்று நாள். முதல் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேனே! நீ பாதித் தூக்கத்தில், "அப்புறம் பாக்கறேன்டி, அவ தூங்கட்டும்" என்றாய். பிறகு பார்த்தபோது அட்டையைத்தான் பார்த்திருக்கிறாய். எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

சின்னஞ்சிறு வேட்டைக்காரிதான் மூத்தவள். குஞ்சுக்கு வைத்த பெயராக இருந்தாலும் முதல் பெயர் முதல் பெயர்தான். அரிவாள் ராணி போகிறாள்.

இது இப்போது கண்டுபிடித்ததில்லை. உனக்குக் கோபம் வரும், வரட்டும். மாநாட்டில் திரையில் அந்தக் கோட்டைப் பார்த்த உடனே எனக்குக் கணக்கு ஓடிவிட்டது. இது குஞ்சு என்றால் என் ராணிக்குச் சங்கு. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்கப் போவதில்லை. சிட்டு சிட்டுவாக, ராணி ராணியாக இருந்திருக்கும், நீயும் என் மேல் கோபப்பட்டிருக்க மாட்டாய். ஆனால் அந்தக் கோடு விரிசலா இல்லையா என்று தெரியாமல் நான் எப்படி வீட்டுக்குப் போவேன்? எழுந்துவிட்டேன்.

முன்னாலேயே உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், என் பெயரைக் காப்பாற்ற நீ அந்த எலும்பைப் பூட்டிவைத்திருப்பாய். மூக்குக்கு மேல் கோபம் வருமே தவிர, உன்னால் எனக்கு ஒரு கெடுதல் பண்ண முடியாது. அது எனக்குத் தெரியும்.

வருத்தம் இல்லை என்று எழுத மாட்டேன். ராணி என் முதல் விலங்கு. மற்ற நாலும் அப்புறம் வந்தவை. நேற்று அவள் மண்டையோட்டைத் துடைத்துவைத்துவிட்டு, "இனிமே நீ சின்னஞ்சிறு வேட்டைக்காரிடி" என்று சொன்னேன். இடுப்பு உயரம், வாய் நிறைய ரம்பம், கையளவு அரிவாள் நகம், அதற்குப் பெயர் சின்னஞ்சிறு! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்தது.

பெயர் பற்றிய பகுதியைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

தோழி

ஜூலை 15

என் தோழிக்கு,

நீ அனுப்பின பக்கத்தை ஐந்தாறு நாளாக மேஜையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். கையெழுத்துப் போடவில்லை. மலர் தாமதமாக வந்தது உனக்கும் எனக்கும்தான் இப்போது தெரியும். அச்சகமே மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அட்டையில் இருக்கிற வருடத்தை அப்படியே விட்டுவிட்டால் ராணி பிழைத்துக்கொள்வாள். நான் வைத்த பெயருக்கு நான் அழுது முடித்தாகிவிட்டது, இன்னொரு தடவை அழ வேண்டியதில்லை. இதையெல்லாம் உனக்கு எழுதினேன், நான்கு பக்கம். உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.

அவர் முழுதாகக் கேட்டார். "தங்கச்சி பேர் போகுதேன்னு வருத்தப்படறதா, பொண்டாட்டி பேர் நிக்குதேன்னு சந்தோஷப்படறதா? ரெண்டையும் ஒரே மூஞ்சில எப்படிக் காட்டறது?" என்றார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவரும் விளையாட்டை விட்டார்.

"அவ பேர் போகும்னு தெரிஞ்சேதான் எழுந்து கேட்டாளா?" என்றார்.

"தெரிஞ்சேதான்."

"அப்புறம் நீ அதை மறைச்சேன்னா, அவ கேட்டதுக்கு என்ன அர்த்தம்?"

நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன், இத்துடன் இருக்கிறது. கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது, மன்னித்துக்கொள்.

பலகைக்காரரிடம் மறுபடியும் சொன்னேன். "முதல்ல சின்னஞ்சிறுன்னீங்க, அப்புறம் ராணியின் குஞ்சுன்னீங்க, இப்ப திரும்பச் சின்னஞ்சிறுங்கறீங்க. கடைசியா இதுதானே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். இதுதான் என்றேன். இயக்குநரைக் கேட்டு முதல் பெட்டிக்குப் பக்கத்தில் பெரிதாக இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். உன் பெரியவளை அனுப்பு. குஞ்சும் அவளும் ஒரே மேடையில் நிற்கட்டும். ஒரே பலகை, ஒரே பெயர். வருகிறவர்கள் அந்த ரம்பப் பல்லையும் அந்தப் பெயரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிக்கத்தான் போகிறார்கள், நான் பக்கத்தில் நின்று ஏன் என்று சொல்வேன்.

இரண்டும் ஒரே விலங்கு என்று கண்டுபிடித்தது யார் எனப் பலகையில் ஒரு வரி போட வேண்டும் என்றார்கள். அதில் உன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். வா.

உன் தோழி